காலிக் கோட்டையில் ஓர் ஒப்பாரி

என் தொண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. கொழுந்து எடுக்கும் பெண்களை நிரை பிடித்து நிறுத்துவதும், முற்றின இலையைச் சேர்த்துப் பிடுங்குகிறவளைக் கண்டால் கீழ் ரோட்டில் நின்றபடியே சத்தம் போடுவதும் என் வேலை. நான் கத்தினால் அவளுக்கும் கேட்கும், அவளுக்குப் பின்னால் இருக்கிற மலைக்கும் கேட்கும். இருபத்தைந்து வருடம் இப்படிப் பழகிய தொண்டை வீட்டு வாசலுக்கு வந்ததும் தானாக இறங்கிவிடாது. என் மனைவிக்கு இது தெரியும். பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு ஹட்டனில் ஆறு மாதம் ஹோட்டல் வேலை படித்தாள். படிப்புத்தானே, படிக்கட்டும் என்று விட்டிருந்தேன். ஒரு நாள் வந்து, தெற்கே கடலோரத்துக் காலி ஊரில், பழைய கோட்டைக்குள்ளே ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது, தங்க இடமும் கொடுக்கிறார்கள், வருகிற திங்கட்கிழமை போகப்போகிறேன் என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. போகிறேன் என்று சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

கோபம் என்று அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதற்கு அடியில் கிடந்தது வேறு. என் அக்காவைப் பன்னிரண்டு வயதில் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். ஒன்பது வருடம் கழித்துத் திரும்பி வந்தாள். வந்த நாளிலிருந்து நீளக் கைச் சட்டைதான் போடுவாள். எங்கள் குளிருக்கு எல்லோரும்தான் நீளக் கை போடுகிறோம், அதனால் யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் மலைத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் துணி துவைக்கக் கையை மடித்தபோதுதான் பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள். எப்படி வந்தது என்று நாங்கள் யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அக்கா இப்போது இல்லை.

ஆகவே மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டில் மகள் பையோடு நின்ற அன்று, “எனக்குப் பயமா இருக்கு பாப்பா” என்று சொல்லியிருக்க வேண்டிய நான், மலையில் கத்துகிற குரலை எடுத்தேன்.

“இந்த பஸ்ஸுல ஏறுனீன்னா, நான் செத்தாலும் நீ வரக்கூடாது!”

கடலை விற்கிறவர் உட்பட ஸ்டாண்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் ஒரு நிமிடம் படியில் கால் வைத்தபடியே நின்றாள். பிறகு ஏறிவிட்டாள். என் மகள்தானே, இறங்குவாளா?

அதற்குப் பிறகு பதினோரு மாதம் நாங்கள் பேசவில்லை. தினமும் சாயந்தரம் அவள் அம்மாவுக்குப் போன் எடுப்பாள். மனைவி போனோடு அடுப்படிக்குப் போய்விடுவாள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றுதான் எங்களுடையது, நான் அதன் முன் காம்பராவில் உட்கார்ந்து டிவி பார்ப்பேன். போன் வந்தால் எனக்கென்ன என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவேன். “சாப்ட்டியா”, “மழையா”, “சரி சரி” என்று மனைவி சொல்வது மட்டும் கேட்கும். தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, மகள் வரவில்லை. லீவு இல்லையாம் என்று மனைவி சொன்னாள். லீவு இல்லாததல்ல காரணம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

இப்படியே போயிருக்கும். ஒரு சாயந்தரம் மனைவி போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“பாருங்க, பாப்பா போட்டோ அனுப்பியிருக்கு. எவ்வளவு நல்லா இருக்கு.”

பார்த்தேன். ஏதோ வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கிறாள், சிரிக்கிறாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். நீளக் கைச் சட்டை போட்டிருந்தாள்.

காலி சூடான ஊர் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சூட்டில் மணிக்கட்டு வரைக்கும் கையை மூடிக்கொண்டு ஒரு பிள்ளை ஏன் நிற்க வேண்டும்? மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மலையில் யாரையும் ஏசாமல் நின்றேனாம். கணக்கப்பிள்ளைக்குச் சொகமில்லையா என்று பெண்கள் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் சொன்னேன்: “காலிக்குப் போவோம். அவளக் கூட்டிட்டு வந்துருவோம்.”

கேட்டதும் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் ஒரே ஒரு கட்டளை போட்டேன். மகளுக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் நான் வருகிற நாளாகப் பார்த்து எங்கேயாவது போய்விடுவாள். மனைவியால் ஒரு விஷயத்தை வாயில் வைத்திருக்க முடியாது என்பதால், போகும் வரைக்கும் போனை எடுக்காமலேயே இரு என்றேன். இரண்டு நாள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மனைவி அதைத் தலையணைக்கு அடியில் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டாள். என் புத்தியின் லட்சணம் இவ்வளவுதான்.

துணைக்கு மனைவியின் தம்பி வந்தான். என் மச்சான் கொஞ்ச காலம் கொழும்பில் புடவைக் கடையில் நின்றவன், ஊர் உலகம் தெரிந்தவன் என்று அவனாகவே சொல்லிக்கொள்வான். பெரிய இடத்துக்குப் போகிறோம் என்று வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சாரமுமாக வந்து நின்றான். தோளில் ஒரு துண்டு. எட்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகன் சின்னவனைப் பக்கத்துக் காம்பராவில் ஒப்படைத்துவிட்டு, விடியற்காலைக் கொழும்பு பஸ்ஸைப் பிடித்தோம்.

பஸ்ஸில் ஏறுமுன் மச்சான் தன் அக்காவுக்கு, என் மனைவிக்கு, புத்தி சொன்னான்.

“அக்கா, கொழும்புல கழுத்துல கைய வச்சு அறுத்துட்டுப் போயிருவானுங்க. காதுத் தோட்டக் கழட்டு. தாலிய உள்ள போட்டு ஊசி குத்திக்க.”

அவள் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். தாலியை ரவிக்கைக்குள் விட்டு ஊசி குத்தினாள். கண்ணாடி வளையல்களையும் எதற்கு வம்பு என்று கழற்றினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நல்ல யோசனை என்று தலையையும் ஆட்டினேன்.

கினிகத்தேனை தாண்டி இறக்கம் தொடங்கியதும் மனைவிக்கு வயிற்றைப் புரட்டியது. எங்கள் மலையில் ஏறி இறங்கி வளர்ந்தவள்தான், ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து இறங்குவது வேறு. தலையில் வைத்திருந்த பூ வாசம்தான் குமட்டுகிறது என்று அதை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள். கொழும்பு வருவதற்குள் மூன்று தடவை வாந்தி. கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் காலி ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள். திறந்த கண்ணுக்கு முன்னால் கடல் கிடந்தது.

கடலைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இவ்வளவு தண்ணீர், ஒரு மேடு கிடையாது, ஒரு மரம் கிடையாது. ஒரு ஆளைத் தொலைத்தால் எந்த அடையாளத்தை வைத்துத் தேடுவது? மகள் பதினோரு மாதமாக இதன் ஓரத்தில் இருக்கிறாள்.

காலி ஸ்டேசனில் மனைவி குழாயடியில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மகள் முன்னால் வாந்தி எடுத்த முகத்தோடு போய் நிற்கக் கூடாதாம். பொட்டும் அதோடு போய்விட்டது. அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

கோட்டைக்கு நடந்தே போனோம். வெளியே கிரிக்கெட் மைதானம், அதற்கு மேலே கறுத்துப் போன பெரிய மதில், மதிலில் குடைந்த வாசல். வாசலுக்கு உள்ளே புகுந்தால் வேறு உலகம். ஓட்டுக் கூரை வீடுகள், தூண் வைத்த நீளத் தாழ்வாரங்கள், ஒரு வண்டி மட்டுமே போகிற தெருக்கள், வீட்டுக்கு வீடு காப்பிக் கடை, நகைக் கடை, வெள்ளைக்காரர்கள். போர்த்துக்கீசன் தொடங்கினான், ஒல்லாந்தன் கட்டினான், இங்கிலீஷ்காரன் வந்து உட்கார்ந்தான் என்று மச்சான் வழிகாட்டி மாதிரிச் சொல்லிக்கொண்டு வந்தான். இங்கே வீடு வைத்திருக்கிறவர் தன் வீட்டு ஜன்னலை மாற்றுவதென்றாலும் அனுமதி வாங்க வேண்டுமாம். பழையது பழையபடியே இருக்க வேண்டுமாம்.

“நம்ம லயமும் வெள்ளைக்காரன் கட்டுனதுதான் மச்சான்,” என்றான். “எவ்வளவு அக்கறையா பாதுகாத்து வச்சிருக்காங்க பாருங்க. ஒரு தகரம் மாத்த விடலியே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு மாதத்தில் நன்றாகச் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். ஒழுகுகிற கூரைக்காகத் தோட்டத் துரைக்கு மூன்று கடிதம் எழுதியவன் நான்.

உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. நாங்கள் மூடுபனியில் பிறந்தவர்கள், இந்த வெயில் எங்களுக்குத் தாங்காது. மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான்.

ஹோட்டல் இருந்த தெரு கடல் மதிலில் போய் முட்டுகிறது. தெரு முனைக்கு வந்ததும் என் கால் நின்றுவிட்டது. மலையில் அறுபது பேரை அதட்டுகிறவன்தான். ஆனால் அந்தப் பிள்ளை என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

“நீங்க ரெண்டு பேரும் போய் வெளிய கூப்புடுங்க,” என்றேன். “நான் இந்த மதிலடியில நிக்கிறேன். மொதல்ல நீங்க பேசுங்க.”

“என்னாங்க, இவ்வளவு தூரம் வந்துட்டு...” என்று மனைவி இழுத்தாள்.

“போன்னா போ.”

அவர்கள் போனார்கள். நான் மதில் சரிவில் ஏறிப் புல்லில் உட்கார்ந்தேன். பக்கத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் வெள்ளை வெளிச்சவீடு. ஒரு கல்யாண ஜோடி போட்டோவுக்கு நின்றது. கீழே அலை கல்லில் மோதிக்கொண்டிருந்தது. நான் எதையும் பார்க்கவில்லை. மகளின் கைகளை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹோட்டல் வாசலில் நடந்ததைப் பிறகுதான் மச்சான் எனக்குச் சொன்னான். பளபளவென்ற தரையைக் கண்டதும் அவனுக்குத் தன் செருப்பு நினைவுக்கு வந்து, வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டானாம். கொழும்பில் நின்றவனின் தைரியம் அவ்வளவுதான். உள்ளே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மகள் இவர்களைக் கண்டு எழுந்து வந்தாள். “மாமா! உள்ள வாங்க” என்றாள். இவன் அசையவில்லை. அவள் ஓடிப்போய் இரண்டு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். இவனுக்கு வயிறு சரியில்லை, “வேணாம்” என்று தலையை ஆட்டினான். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பிள்ளையைப் பதினோரு மாதம் கழித்துப் பார்த்ததில் கண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

“அப்பா எங்க?” என்று கேட்டாளாம்.

முதலில் நீங்களே பேசுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா? என்ன சொல்வது என்று தெரியாமல் மச்சான் தலையைக் குனிந்துகொண்டான்.

எங்கள் மலையை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கையில் போன் இருந்தாலும், தூரத்தில் இருக்கும் பெண் பிள்ளைக்கு அப்பன் செத்த சேதியை நாங்கள் இன்றைக்கும் போனில் சொல்வதில்லை. சொந்தத்தில் ஆள்தான் போக வேண்டும். அப்படிப் போகிறவர் வாசற்படி தாண்ட மாட்டார். கொடுத்த தண்ணீரைத் தொட மாட்டார். சேதியை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார், நிற்கிற நிலையிலேயே தெரிந்துவிடும். வேலை நாளில், சொல்லாமல் கொள்ளாமல், வெள்ளை உடுத்து, தலையில் துண்டோடு தாய்மாமன் வாசலுக்கு வெளியே நிற்கிறான். பூவில்லாமல், பொட்டில்லாமல், தோடில்லாமல், கழுத்தில் தாலி தெரியாமல் அம்மா நின்று அழுகிறாள். இரண்டு நாளாகப் போனையும் யாரும் எடுக்கவில்லை. பிள்ளை வேறு என்னதான் நினைப்பாள்?

மகள் அலறினாள், நான் கேட்டது அந்த அலறலைத்தான். தெருவைத் தாண்டி, அலைச் சத்தத்தையும் தாண்டி வந்தது. என் தொண்டை அவளுக்கும் வாய்த்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு இன்னொரு குரலும் சேர்ந்தது. அது என் மனைவி. வீட்டில் விட்டுவந்த சின்னவனுக்கு ஏதோ ஆகி, யாரோ இங்கே போன் பண்ணியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சரிவில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது, ஒரு செருப்பு அங்கேயே கிடந்துவிட்டது.

மனைவி ஏன் அழுதாள் என்று பிறகு கேட்டேன். அவளும் என்னைப் போலவே சின்னவனைத்தான் நினைத்தாளாம். மகளுக்கு இப்போதுதான் சேதி வந்திருக்கிறது என்று எண்ணி, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இவளும் தொடங்கியிருக்கிறாள். லயத்தில் ஒருத்தி அழுதால் அடுத்தவள் முதலில் சேர்ந்து அழுவாள், பிறகுதான் யார் என்று விசாரிப்பாள். தன் அக்காவும் என் மகளும் அழுவதைப் பார்த்து மச்சானும் அழுதான். அவனுக்கு எதுவுமே தெரியாது.

ஹோட்டலுக்கு இரண்டு வீடு முன்னால், ஒரு தூணுக்குப் பக்கத்தில், வார்த்தைகள் எனக்குத் தெளிவாகக் கேட்டன.

“என்னப் பெத்த அப்பா...
செத்தாலும் வராதேன்னு சொன்னியே,
சொன்னத முடிச்சுட்டுப் போயிட்டியே...”

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். செத்தது நான்தான்.

போய் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: எனக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது. என்னை “நீங்க” என்றே தவிர ஒரு நாளும் கூப்பிடாத பிள்ளை. ஒப்பாரியில் எல்லோரும் ஒருமைதான். யாரும் அவளுக்கு ஒப்பாரி சொல்லிக்கொடுத்ததில்லை. லயத்தில் இழவு வீட்டு ஓரத்தில் நின்று காதில் விழுந்ததுதான்.

“ஞாயித்துக்கெழம தவறாம
என் சப்பாத்துக்கு வெள்ள பூசி வெயிலுல வச்சியே,
இன்னிக்கு ஒன்ன எந்த வெயிலுல கெடத்தியிருக்காங்க...

கத்திக் கத்தி மலையெல்லாம் கேட்டுச்சே,
காலி வரைக்கும் ஒரு வார்த்த வரலியே...

அம்மா போனுக்குப் பின்னால நீ இருமுற சத்தம் கேட்டு
அப்பா இருக்காருன்னு தெனம் தூங்குனேனே,
இனி எந்தச் சத்தத்தக் கேட்டுத் தூங்குவேன்...”

நான் எத்தனையோ ஒப்பாரி கேட்டிருக்கிறேன். செத்த மறுநிமிடம் குடிகாரனும் தெய்வமாகிவிடுவான். ஆனால் இந்தப் பிள்ளை நான் கத்தியதையும் விடவில்லை, சப்பாத்துக்கு வெள்ளை பூசியதையும் விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சப்பாத்து, அந்தத் துணி ஷூ, போட வேண்டும் என்று நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசி வைப்பேன். அதை யாராவது கவனிப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் இங்கே காது கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பக்கம் அவளும் அதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

அதற்கு மேல் தாங்கவில்லை. தூணைவிட்டு வெளியே வந்தேன். ஒரு காலில் செருப்போடு தெரு நடுவில் நின்று, எனக்குத் தெரிந்த ஒரே குரலில் கத்தினேன்.

“ஏய் பாப்பா! நான் உசுரோடதான் இருக்கேன்!”

காப்பிக் கடையில் இருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்தே விட்டார்கள். மகள் திரும்பினாள். இன்னொரு அலறல், இது முதலாவதைவிடப் பெரிது. பேய் என்று நினைத்திருப்பாள். பிறகு என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள். பேய் ஒற்றைச் செருப்போடு வருமா? ஓடிவந்தாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று கையை விரித்தேன். வந்த வேகத்தில் இரண்டு கையாலும் என் நெஞ்சில் அடித்தாள்.

“ஏன் இப்படி பண்ணுனீங்க? ஏன் இப்படி பண்ணுனீங்க?”

‘நீங்க’ என்றாள். அப்பாடா என்றிருந்தது. அடிக்கட்டும் என்று நின்றேன். அடித்து ஓய்ந்த பிறகுதான் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது வேறு அழுகை.

பின்னால் என் மனைவி, “அப்ப சின்னவனுக்கு ஒன்னும் இல்லியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்ப யாருதான் செத்தது?” என்றான் மச்சான். இன்னும் தலையிலிருந்து துண்டை எடுக்கவில்லை.

நான் மகளின் கையைப் பிடித்தேன். பிடித்ததுதான் தாமதம், அவள் கேட்பதற்குள் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மேலே தள்ளினேன். ஒரு கை. பிறகு அடுத்த கை. திருப்பியும் பார்த்தேன். ஒன்றுமில்லை. சுத்தமான கை. உள்கையில் சின்ன வயதில் கொய்யா மரத்தில் கிழித்துக்கொண்ட பழைய கோடு ஒன்று மட்டும் இருந்தது.

“என்னாப்பா பாக்குறீங்க?”

“சூட்டுல ஏன் நீளக் கை போட்டிருக்க?”

“யூனிபோம் அப்பா. உள்ள ஏசி. குளிருது.”

நான் அங்கேயே, அந்தத் தாழ்வாரப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு மாதமாக நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிந்த கொழுந்துச் சாக்கை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அழுதேன், சிரித்தேன், எது எந்த இடத்தில் என்று தெரியாது. என் அக்காவின் கைகளைப் பற்றி அவளிடம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னேன். முன்பே சொல்லியிருந்தால் இந்த ஊர்கோலமே தேவைப்பட்டிருக்காது. அவள் கேட்டுவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹோட்டல்காரர்கள் எங்களை விரட்டவில்லை. பின் முற்றத்தில், ஒரு கிணற்றுக்குப் பக்கத்தில் மேசை போட்டுச் சோறு கொடுத்தார்கள். மீன் குழம்பு, பருப்பு, பலாக்காய். மச்சான் முதலில் தண்ணீர் குடித்தான். மகள் நிறுத்தாமல் பேசினாள். உள்ளே வருகிறவர்களை வரவேற்று அறை கொடுப்பது அவள் வேலையாம். இங்கிலீஷ் வருகிறது, சிங்களம் நன்றாக வருகிறது, இப்போது வேறு ஏதோ ஒரு மொழி படிக்கிறாளாம். அவளோடு வேலை செய்யும் சிங்களப் பெண்கள் இரண்டு பேர் மாறி மாறி வந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி அழுததில் கண் சிவந்து போயிருந்தாள். எனக்குத் தெரியாத யாரோ ஒரு பெண் நான் செத்ததற்கு அழுதிருக்கிறாள் என்பது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மனைவி என்னை முழங்கையால் இடித்தாள். சொல்லுங்க என்று அர்த்தம். கூட்டிக்கொண்டு போகத்தானே வந்தோம்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கூட்டிக்கொண்டு போய் என்ன செய்வது? ஏழு மணிக்குப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற வரிசையில், நிறுத்தி நான் இவளையும் அதட்டுவதா?

“பாப்பா,” என்றேன். எவ்வளவு மெதுவாகப் பேச முடியுமோ அவ்வளவு மெதுவாக. “நீ இங்கயே வேல செய். அன்னிக்கி பஸ் ஸ்டாண்டுல நான் சொன்னது தப்பு. பயத்துல சொன்னேன். நான் செத்தா நீதான் வரணும். அதுக்கு முன்னாடியும் வரணும்.”

“வாயக் கழுவுங்க,” என்றாள் மனைவி.

மகள் என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.

அப்போதுதான் மானேஜர் வந்தார். என் வயதுக்காரர், சிங்களவர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வாசலில் அழுகை தொடங்கியதும் எவளோ ஓடிப்போய் மகளுக்கு அப்பா செத்துவிட்டார் என்று சொல்ல, நல்ல மனிதர், பிள்ளை அந்த நிலையில் வந்து கேட்க வேண்டாம் என்று மூன்று நாள் லீவுப் பத்திரத்தைத் தானே எழுதி எடுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். வெளியே வந்தால் தெரு நடுவில் செத்தவன் அடி வாங்கிக்கொண்டு நிற்கிறான். அப்படியே உள்ளே திரும்பிவிட்டாராம்.

இப்போது அந்தத் தாளை மேசையில் வைத்து என்னைப் பார்த்தார்.

“ஐயா, இதை நான் என்ன செய்வது?” என்று சிங்களத்தில் கேட்டார். “மூன்று நாள் எழுதிவிட்டேன். காரணத்தையும் எழுதிவிட்டேன். அந்தக் காரணம் இங்கே உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறது.”

எனக்கும் சிங்களம் வரும். எழுந்து நின்றேன். கிழித்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்து, காரணம் என்ற இடத்தில் இருந்த இரண்டு சொற்களை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, தாளை மகள் பக்கம் தள்ளினார்.

“லீவு இருக்கட்டும். காரணத்தை மட்டும் நீயே மாற்றி எழுது.”

மகள் பேனாவை வாங்கினாள். வெட்டிய சொற்களுக்கு மேலே, சிங்களத்தில், சின்ன எழுத்தில் எழுதினாள். நான் தலையைச் சாய்த்து எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

‘அப்பா வந்திருக்கிறார்.’

மானேஜர் கண்ணாடியைப் போட்டு அதைப் படித்தார். இதற்கு மூன்று நாளா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.